யானையைத் திருப்பத் தெரிந்த அமலன்

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சந்து வீட்டில் இருக்கிறான் அமலன். நாற்பதை நெருங்கிவிட்டான். வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவன். மில்லை மூடினார்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன்தான். சோம்பேறி என்று சொல்ல மனசு வராது. ஆனால் பெண்டாட்டி ஜெஸ்ஸி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வீடு திரும்பும்போது, நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவனை வேறு எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது?

அவன் விளையாடியது பழைய காலத்துப் படைச்சண்டை. வேல், வாள், குதிரை, யானை என்று திரட்டிக்கொண்டு கோட்டையைப் பிடிக்கவேண்டும். எதிரில் மனுசன் கிடையாது. கம்ப்யூட்டர்தான் எதிரி ராஜா. ஊர் உலகத்தில் பலபேர் அந்த ராஜாவிடம் அடிவாங்கி அழ, அமலன் மட்டும் இருப்பதிலேயே கஷ்டமான கடைசிப் படியில் வைத்தே அவனைத் தோற்கடித்தான். காரணம், அந்த ராஜாவின் கோளாறெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

ஒற்றைக் குதிரைக்காரனை அனுப்பிப் போக்குக் காட்டினால் போதும், எதிரியின் மொத்தக் குதிரைப்படையும் அவன் பின்னாலேயே ஓடும். காலாட்படை கேட்பாரில்லாமல் நிற்கும். அந்த ராஜா யானைகளை எப்போதும் முன்வரிசையில்தான் விடுவான். தீப்பந்தக்காரர்கள் நாலுபேரை எதிரே நிறுத்தினால் யானைகள் மிரண்டு திரும்பித் தங்கள் ஆட்களையே மிதிக்கும். கோட்டையில் ஒரு வாசலைத் திறந்து வைத்தால் ஏணியைக் கீழே போட்டுவிட்டு அத்தனை பேரும் அந்த வாசலிலேயே வந்து விழுவார்கள்.

"நேத்து வாங்குன அடி இன்னைக்கு அதுக்கு ஞாபகமே இருக்காதும்மா. மறுபடி அதே வாசல்ல வந்து விழும்" என்பான் அம்மா லூர்தம்மாளிடம்.

"உன்னைய மாதிரின்னு சொல்லு" என்பாள் அவள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

ஜெஸ்ஸியின் அண்ணன் ஜெரினுக்கு வத்தலக்குண்டில் வெங்காயக் கமிஷன் கடை. தவக்காலம் தொடங்கும்போதே வீட்டுக்கு வந்து மரியாதையாகத்தான் கூப்பிட்டான். "ஈஸ்டர் முடிஞ்சதும் வந்துருங்க மாப்ள. கல்லாவுல உக்கார நம்ம ஆளு வேணும்."

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தான் அமலன். பெண் எடுத்த வீட்டில் போய்க் கைகட்டி நிற்பதா? பந்தியில் முதல் இலை போட்டு உட்காரவைக்கிற மாப்பிள்ளை, நாளைக்கு மச்சான் படியளந்தால்தான் சோறு என்று ஆகிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் என்ன மாப்பிள்ளை? அந்த நிலைமை மட்டும் வந்துவிடக்கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டான்.

மாதா கேட்டதுபோலத்தான் இருந்தது. செல்போன் ரிப்பேர் பார்க்கிற அயாஸ், அமலன் ஆடுவதைப் படம்பிடித்து நெட்டில் போட்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு, அந்த விளையாட்டைச் செய்கிற கம்பெனியிலிருந்தே ஒரு பெண் போனில் முகம் காட்டிப் பேசினாள். தமிழ்ப் பெண்தான், பெங்களூரில் இருந்தாள்.

"அண்ணா, எங்க டீம்ல டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்கப்போறோம். நீங்க எப்படி ஜெயிக்கிறீங்கன்னு ஒருதடவ காட்டுறீங்களா?"

காட்டினான். யானையை எப்படித் திருப்புவது, குதிரையை எப்படி இழுப்பது, வாசலை எந்த நேரத்தில் திறப்பது, ஒன்று விடாமல் காட்டினான். அந்தப் பெண் கேட்காததையும் சொன்னான். அவள் "சூப்பர்ண்ணா, சூப்பர்ண்ணா" என்று சொல்லச்சொல்ல இவனுக்கு வாய் நிற்கவில்லை. மில் மூடியதிலிருந்து அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

போனை வைத்ததும் லூர்தம்மாள் கேட்டாள். "வேல உண்டுன்னு உறுதியாச் சொன்னாளா?"

"கூப்புடுவாங்கம்மா. மொதல்லயே கேட்டா அசிங்கம்."

"எதுடா அசிங்கம்? உங்கப்பன் அய்யலூர்ச் சந்தையில ஆட்டுத் தரகு பாத்த மனுசன். துண்டப் போட்டு அடியில வெரலப் புடிச்சு வெலைய முடிச்சாத்தான் ஆட்டோட பல்லு சொத்தையா, காலு நொண்டியான்னு வாயத் தொறப்பாரு. அவருக்குப் பொறந்துட்டு, துண்டே போடாம அம்புட்டுக் கோளாறையும் கொட்டிப்புட்டியே."

"இது ஆட்டு யாவாரம் இல்லம்மா. படிச்சவுக."

"படிச்சவுகளுக்கு மட்டும் ஓசின்னா கசக்குமாக்கும்."

அமலன் காதில் வாங்கவில்லை. ஈஸ்டர் விருந்தில், கறிக்குழம்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஜெரினிடம் சொல்லியும்விட்டான். "கடைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க மச்சான். எனக்குக் கம்பெனி வேல வந்துருச்சு." எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஜெஸ்ஸி மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி கூப்பிடவில்லை. வெயில் போய் ஆடிக்காற்று வந்தது. ஒருநாள் விளையாட்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அமலன் வழக்கம்போல உட்கார்ந்தான்.

ஒற்றைக் குதிரைக்காரனை அனுப்பினான். எதிரிக் குதிரைப்படை நின்ற இடத்தில் நின்றது. தீப்பந்தக்காரர்களை நிறுத்தினான். யானைகள் பின்னால் ஒதுங்க, வில்லாளிகள் முன்னால் வந்து பந்தம் பிடித்தவர்களைச் சாய்த்தார்கள். வாசலைத் திறந்து வைத்தான். ஒருவனும் வரவில்லை. மூன்று பக்கமும் ஏணி சாய்த்து ஏறினார்கள். அவனுடைய வேல்காரர்கள் வாசலுக்குள் காத்துக்கொண்டே இருக்க, கோட்டை போனது.

மறுபடி ஆடினான், தோற்றான். படியிறக்கி, பொடிசுகள் ஆடுகிற சுலபமான படியில் ஆடினான். அதிலும் தோற்றான். அவனுக்குச் சண்டை தெரியாது. அந்தக் கோளாறுகள்தான் தெரியும்.

அயாஸ் கடைக்குப் போனான். புதுசாக என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று கம்பெனி போட்டிருந்ததை அயாஸ் படித்துச் சொன்னான். "எதிரி இனிமே தனி ஆளத் தொரத்தாதாம். தீயப் பாத்தா யானையப் பின்னாடி இழுத்துக்குமாம். தொறந்த வாசல நம்பாதாம்." படித்தவன் நிறுத்திவிட்டு அமலன் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, இதெல்லாம் நீங்க சொன்னதுல்ல?"

"எம் பேரு எங்கயாச்சும் இருக்கா?"

அயாஸ் கடைசிவரை தள்ளிப் பார்த்தான். "இல்லண்ணே."

அமலன் அந்தப் பெங்களூர்ப் பெண்ணுக்குப் போன் செய்தான். எடுத்தாள், மரியாதையாகத்தான் பேசினாள். "சாரிண்ணா, அந்தப் போஸ்டே இப்ப இல்ல. நீங்க காட்டுனது டீமுக்கு ரொம்ப ஹெல்ப்பா இருந்துச்சு." திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பான்.

வீட்டில் சொன்னபோது லூர்தம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஜெஸ்ஸி, வீங்கின காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன்கிட்ட நான் பேசமாட்டேன். வேணாம்னு சொன்ன வாயாலேயே நீங்க போயிக் கேளுங்க."

வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினான். கல்லாவில் கடைக்காரர் தோரணையில் ஒரு இளவட்டம் உட்கார்ந்திருந்தான். வாசலில் நின்று லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்த ஜெரின் இவனைப் பார்த்தான். வாங்க என்றான். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை.

"கல்லாவுக்கு ஆளு போட்டாச்சே. நீங்கதான வேணாம்னீக." லாரியைத் திரும்பிப் பார்த்தான். "குடோன்ல ஒராளு தேவ. மூட்ட எறக்கணும். ஒங்களுக்கு ஒத்து வருமா?"

"வரும்" என்றான் அமலன்.

முதல் வாரம் ஜெரின் அவனை மாப்ள என்றும் கூப்பிடவில்லை, பேர் சொல்லியும் கூப்பிடவில்லை, கையைக் காட்டி வேலை சொன்னான். அடுத்த வாரம் லாரி வந்து நின்றது, வியாபாரிகள் கூடிவிட்டார்கள், அவசரம். ஜெரின் கடையிலிருந்து குரல் கொடுத்தான்.

"அமலா, என்னப்பா நிக்கிற? மூட்டையப் புடி."

அமலன் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் போய் முதுகைக் கொடுத்தான்.