மடியில் வைத்துக்கொள்ளும் வயது

விமானத்தில் இரண்டு வயது நிறையாத குழந்தையைப் பெரியவர் ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு நிறைந்துவிட்டால் அதற்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். பயணம் செய்கிற நாளில் வயது என்ன என்பதுதான் கணக்கு. இதைக் கொல்கத்தாவிலிருந்து என் தங்கை தொலைபேசியில் சொன்னபோது, அவளுடைய மகள் என் இடுப்பில் உட்கார்ந்து என் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“டிசம்பர் மூணாந்தேதி ஃப்ளைட்டுல வந்துருங்கக்கா. பொறந்த நாளுக்கு ஆஸ்பத்திரில லீவு சொல்லிட்டேன்,” என்றாள் தங்கை.

எந்த நாளுக்கு லீவு என்று நான் கேட்கவில்லை. ஒரு குழந்தை பிறந்த நாளைப் பற்றி இரண்டு பேருக்கு இரண்டு எண்ணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தங்கை அங்கே செவிலியர். அவள் கணவர் சுரங்க ரயில் வேலையில் இருக்கிறார். இருவருக்கும் முறை மாறி மாறி வேலை. அம்மாவும் அப்பாவும் போய்விட்ட பிறகு விருத்தாசலத்தில் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. பிரசவத்துக்கு இங்கேதான் வந்தாள். பேறுகால விடுப்பு முடிந்ததும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமைகிற வரைக்கும் என்று சொல்லி என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை ஒரு காரணமாக அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது அவர்கள் வீட்டருகே நல்ல குழந்தைகள் காப்பகம் ஒன்று வந்திருந்தது. கூட்டிக்கொண்டு போய் விட வேண்டியதுதான்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. அந்தக் கடைசிப் பயணத்தில் அவள் என் மடியில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது மடி எப்படியும் காலியாகத்தான் இருக்கும். போகும்போதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவள் பிறந்தது மூன்றாம் தேதி. அவளுக்கு இரண்டு வயது நிறைகிற நாளிலேயே நாங்கள் புறப்படுகிறோம். ஒரு நாள் முன்னால் போகலாமா என்று மட்டும் அவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

“ரெண்டாந்தேதி சூளை பிரிக்கணும்டி. கார்த்திகை வெளக்கு பூரா உள்ள வெந்துக்கினு கெடக்குது. வுட்டுட்டு எங்க வர்றது?” என்றார். அவர் செராமிக் பேட்டையில் பங்காளியோடு சேர்ந்து ஒரு சிறிய பீங்கான் சூளை வைத்திருக்கிறார். கார்த்திகை மாதத்தில் அவரைக் கேட்டது என் தவறு. நான் மட்டும் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளைக் கொண்டுபோய் விட வருகிற ஆசை அவருக்கும் இருந்தது. சட்டைப் பையில் அவள் படத்தை வைத்துக்கொண்டு சூளைக்குப் போகிற மனிதர்.

பேருந்து நிலையத்தருகே டிக்கெட் போடுகிற கடையில் நானே போய் விவரம் சொன்னேன். மூன்று இருக்கை, ஒரே வரிசையில். குழந்தையின் பிறந்த தேதி கேட்டார்கள். டிசம்பர் மூன்று என்றேன். பிறப்புச் சான்றிதழ் என் பையிலேயே இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் படித்து ஊரின் பழைய கதையைத் தொகுத்துவைப்பவள் நான். இந்த ஊரில் மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்த நாள், பாலம் திறந்த நாள், பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்ட நாள் வரைக்கும் என்னிடம் கேட்பார்கள். அவள் பிறந்த நாளைத் தாளில் பார்த்தா தெரிந்துகொள்வேன்?

தனி இருக்கை என்று முடிவான பிறகு, அவளைத் தனியாக உட்கார வைத்துப் பழக்கும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். கூடத்தில் இருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, தன் துண்டை இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்.

“ஏரோப்ளேன் கெளம்பப் போவுது. எல்லாரும் பெல்ட்ட போட்டுக்கங்க. அம்மாடி, நீங்க போட்டீங்களா?”

“போட்டேன்,” என்பாள் அவள்.

“பெரியம்மா மடிக்குப் போறீங்களா?”

“மாட்டேன். நானே.”

“பார்த்தியா, எம்மாம் பெரிய மனுசி!” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, வாயால் சத்தம் எழுப்பி மேலே தூக்குவார். அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுக்கும். தினமும் மாலையில் அவர் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் அவளே துண்டை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருப்பாள். நான் சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். நாங்களே அவளை என் மடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் தேதி காலையில் அவளுக்குத் தலைக்கு ஊற்றி, புதுச் சட்டை போட்டு, கொஞ்சம் பாயசம் ஊட்டினேன். பிறந்தநாள் என்கிற நினைப்பெல்லாம் எனக்குத்தான். அவளுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். சென்னைக்குக் காரில் போனோம். விமான நிலையத்தில் பெட்டி போடுகிற இடத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எங்கள் இருவருடைய ஆதார் அட்டையையும் பார்த்துவிட்டு, குழந்தைக்கு வயதுச் சான்று கேட்டாள். பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன்.

“நீங்க பாப்பாவோட அம்மாங்களா?”

“பெரியம்மா.”

அவள் சான்றிதழில் இருந்த பெயர்களைப் பார்த்தாள். தங்கை கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதத்தையும் அவள் அட்டையின் நகலையும் எடுத்து வைத்தேன். கேட்டால் கொடுக்கலாம் என்று தயாராகக் கொண்டு போயிருந்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கணினித் திரையையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மேடம், பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு வயசு முடியலையே. நாளைக்குத்தான் முடியுது.”

“இல்லம்மா, இன்னிக்குத்தான் பொறந்த நாள்.”

“சர்ட்டிபிகேட்ல நாலாந்தேதி இருக்கே. டிக்கெட்ல மூணு போட்டிருக்கீங்க.”

“அது தப்பா இருக்கும். நான் ஆஸ்பத்திரியில கூட இருந்தவ. விடியறதுக்கு முன்னாடி…”

அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

விடியற்காலை. வெளியே இன்னும் இருட்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் கொசுவை விரட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். சூரியன் எழுவதற்கு முன் பிறந்தால் முந்தைய நாள் கணக்குத்தான் எங்கள் வீட்டில். கல்வெட்டுகளையும் பஞ்சாங்கத்தையும் படித்துப் பழகிய எனக்கு அதில் ஐயமே வந்ததில்லை. என்னைப் பொறுத்தவரை நாள் என்பது விடிந்த பிறகு தொடங்குவது. ஆஸ்பத்திரிக்கு நாள் நள்ளிரவில் தொடங்கிவிடுகிறது. போன வருடம் முதல் பிறந்தநாளை மூன்றாம் தேதி பாயசத்தோடு கொண்டாடினோம். தங்கை மறுநாள் தொலைபேசியில் வாழ்த்தியபோது, வேலையில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து அவளுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன்.

“என் வூட்டுக்காரி தேதி சொன்னா பஞ்சாங்கக்காரனே திருத்திக்குவான்மா,” என்றார் கணவர் அந்தப் பெண்ணிடம். “அவளுக்கே தப்பிப் போச்சுன்னா பாத்துக்க.”

“தப்பலைங்க. ரெண்டும் சரிதான்,” என்றேன்.

“அப்ப எதுக்குடி இப்பிடி முழிக்கிற?”

அந்தப் பெண் திருத்தம் செய்துகொண்டே சொன்னாள்: “கைக்குழந்தைன்னு மாத்திடறேன் மேடம். ஏறும்போதும் எறங்கும்போதும் மடியிலதான் வச்சிக்கணும். இந்த வரிசைல வேற கைக்குழந்தை இல்ல, அதனால பரவால்ல. ஒரு வரிசைக்கு ஒரு ஆக்சிஜன் மாஸ்க்குதான் கூடுதலா இருக்கும். பாப்பா சீட்டுல வேற யாரையும் போடல, காலியாவே இருக்கட்டும்.”

மடியிலதான் வச்சிக்கணும். அந்தப் பெண் மற்ற பயணிகளிடம் நூறு தடவை சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம். அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. ஒரு நாள் எனக்குக் கிடைத்திருந்தது. அதுவும் சட்டப்படி கிடைத்திருந்தது.

விமானத்தில் நான் ஜன்னலோரம், கணவர் நடைபாதையோரம், நடுவில் காலி இருக்கை. பணிப்பெண் சின்னதாக ஒரு பெல்ட் கொண்டுவந்து கொடுத்தார். என் பெல்ட்டில் அதைக் கோத்து, குழந்தையின் இடுப்பைச் சுற்றிப் போட வேண்டும். நான் அவளைத் தூக்கி மடியில் வைத்தேன். அவள் நடு இருக்கையைப் பார்த்தாள். அதில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தாள்.

“நானே,” என்றாள்.

“இன்னிக்கு பெரியம்மா மடியில ஒக்காந்துக்கலாம்டா தங்கம்.”

“நானே! நானே!”

முதுகை வில்லாக வளைத்து நழுவினாள். பழக்கிக் கொடுத்த விஷயத்தைத்தான் அவள் கேட்டாள். அதற்காக யாரைக் கோபித்துக்கொள்வது? கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடி விளையாட்டுக் காட்டிப் பார்த்தார். துண்டைப் பார்த்ததும் அழுகை இரண்டு மடங்காயிற்று. பணிப்பெண் வந்து குனிந்து, மேலே போகும் வரை மடியில்தான் இருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். முன் இருக்கைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

விமானம் ஓடத் தொடங்கியது. நான் அவளை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தேன். அணைத்தேன் என்பதைவிடக் கட்டிப் போட்டிருந்தேன் என்று சொல்லலாம். அவளுடைய குதிகால் என் முழங்காலில் இடித்தது. பல வாரமாக நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது இதுதானா? ஜன்னல் வழியே சென்னையின் வீடுகள் சிறுத்தன. நான் ஒன்றையும் காட்டவில்லை, அவளும் பார்க்கவில்லை.

“வுடு, பழகுனது அப்படி,” என்றார் கணவர். அவர் குரலும் அடங்கியிருந்தது. “எல்லாம் நாஞ்செஞ்ச வேல.”

பெல்ட் விளக்கு அணைந்ததும் அவளை நடு இருக்கைக்கு விட்டேன். கண்ணீர் காயாத முகத்தோடு ஏறி உட்கார்ந்து, கால் இரண்டையும் நேரே நீட்டிக்கொண்டு, ஒரு பெரிய மனுசிபோல எங்கள் இருவரையும் பார்த்தாள். கணவர் அவளுக்கு பிஸ்கட் உடைத்துக் கொடுத்தார். அரை மணி நேரம் முன் இருக்கையின் முதுகைத் தட்டித் தட்டிப் பேசினாள். பிறகு அப்படியே பக்கவாட்டில் சரிந்து தூங்கிப் போனாள். தலை அவர் பக்கம் சாய்ந்தது, என் பக்கம் அல்ல. அவர் கையை அசைக்காமல் வைத்திருந்தார். அவரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் பணிப்பெண் திரும்ப வந்தார். “பேபியை மடியில் வச்சிக்கோங்க.”

கணவர் அவளை மெதுவாகத் தூக்கி என்னிடம் தந்தார். அவள் விழிக்கவில்லை. தூங்குகிற குழந்தைக்கு ஒரு தனிக் கனம் உண்டு. அந்தக் கனம் முழுவதும் என் மேல் வந்து இறங்கியது. சின்னப் பெல்ட்டை மாட்டினேன். உச்சந்தலை வேர்த்திருந்தது. காலையில் தேய்த்த சீயக்காய் வாசனை இன்னும் போகவில்லை.

கீழே பனிமூட்டம், இறங்க இடம் கிடைக்கும் வரை வட்டமிட வேண்டும் என்று விமானி சொன்னார். எங்களைச் சுற்றி எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். பின்னால் ஒருவர், தன்னை அழைக்க வந்தவர் காத்திருப்பாரே என்று புலம்பினார். என் தங்கையும்தான் கீழே காத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் வேலை முடித்து, பகலிலும் தூங்காமல் வந்திருப்பாள். அது தெரிந்தும், பனி விலகக் கூடாது என்று நான் விரும்பினேன். விமானம் ஒரு பக்கம் சாயும்போது குழந்தையின் தலை என் மார்பில் அழுந்தியது. நேரானதும் விலகியது. மறுபடியும் சாய்ந்தது. அவள் மூச்சுக்கு என் மூச்சு தானாகவே பொருந்திக்கொண்டது. நான் எதையும் நினைத்துப் பார்க்கவில்லை, எதையும் மனதில் பதித்துக்கொள்ள முயலவில்லை. எத்தனை முறை சுற்றினோம் என்று எனக்குத் தெரியாது.

சக்கரம் தரையில் பட்ட அதிர்ச்சியிலும் அவள் எழவில்லை. எல்லாரும் எழுந்து பெட்டிகளை இறக்கினார்கள். கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

“எந்திரி.”

“கூட்டம் போவட்டுங்க.”

“போயிடுச்சு பாரு.”

உண்மையில் போயிருந்தது. பணிப்பெண் வந்து நின்ற பிறகுதான் பெல்ட்டைக் கழற்றி அந்தச் சின்னப் பெல்ட்டை அவரிடம் கொடுத்தேன்.

வெளியே கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் கணவரோடு தங்கை நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். ஓடி வந்தவள், என் தோளில் கிடந்த குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் வேகத்தை அடக்கிக்கொண்டாள். ஒரு கையைக் கழுத்துக்கடியிலும் ஒரு கையைத் தொடைக்கடியிலும் கொடுத்து, அசைவு தெரியாமல் வாங்கிக்கொண்டாள். அதை அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குழந்தை ஒருமுறை உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டு அவள் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“கை வலிச்சிருக்குமேக்கா,” என்றாள் தங்கை. அவள் கண் நிறைந்திருந்தது.

“கொஞ்சம்,” என்றேன்.

வாடகைக் கார் சின்னது. பின்னால் தங்கையும் அவள் கணவரும் என் கணவரும். குழந்தை தங்கையின் மடியில். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெட்டி இரண்டும் டிக்கியில் போய்விட்டன. குழந்தையின் துணிப்பைக்கு மட்டும் இடம் இல்லை.

“இத நீ மடியில வச்சிக்க,” என்று பின்னாலிருந்து நீட்டினார் கணவர்.

திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.