நான் பிரித்த கறுப்புக் கோட்

லைனிங் மாற்ற வந்த ஒரு கோட்டை, கொடுத்தவருக்குத் தெரியாமல் பிரித்தேன். அதன் கட்டிங்கைத் திருடினேன். பொய்யும் சொன்னேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கோட் வந்த நாள்

பி.ஏ. முடித்துவிட்டுச் செங்கம் சாலையில் தையல் கடை வைத்தவன் நான். அடி அண்ணாமலையில் குடியிருந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணி என் வாடிக்கையாளர். எல்லோருக்கும் அவர் பிரெஞ்சம்மா. இருபது வருடம் முன்பு, மார்கழிக் குளிருக்குப் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கம்பளிக் கோட் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பாரிசில் பெண்கள் உடையின் போக்கையே மாற்றிய டிசைனர் ஒருவரின் கட்டிங் அது. தோள் சரிந்து, இடுப்பு ஒடுங்கி, கீழே விரியும். அவருடைய தையற்கூடத்தில் பிரெஞ்சம்மாவின் தாய் வேலை பார்த்தவர்.

"எங்க அம்மா கையால தச்சது. லைனிங் மட்டும் மாத்துங்க. வேற எதுவும் தொடாதீங்க, சார்."

2. பிளேடு

கிழிந்த லைனிங்கை எடுத்ததும் இடுப்புத் துண்டுகள் சேர்ந்திருந்த விதம் தெரிந்தது. நான் தைக்கும் பிளவுஸில் சுருக்கம் விழாமலிருக்க அதில் வழி இருந்தது. அளவு ஜாக்கெட்டைப் பிரித்துப்போட்டுக் கட்டிங் எடுப்பது எங்கள் தொழிலில் சகஜம். பிளேடை எடுத்தேன்.

ஹெம்மிங் செய்யும் செல்வி தடுத்தாள். "உள்ள பூரா கைத்தையல்ணே. பிரிச்சா திரும்ப வராது."

"வராட்டி என்ன? மிஷின்ல அடிச்சா இன்னும் ஸ்ட்ராங்கு."

"பி.ஏ. படிச்சவரு. நான் சொன்னா கேக்கவா போறீங்க?"

பேட்டர்ன் எடுத்தேன். மிஷினில் மூட்டி, புது லைனிங்கால் மூடினேன். பழைய நூலையெல்லாம் பெருக்கித் தள்ளினேன்.

போட்டுப் பார்த்த பிரெஞ்சம்மா, "தோள் இறுக்குதே?" என்றார்.

"புது லைனிங்குங்க. போகப் போக சரியாயிடும்."

அந்தக் கட்டிங்கில் பிளவுஸ் தைக்க ஆரம்பித்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்தெல்லாம் கல்யாண பிளவுஸ் தைக்க வந்தார்கள். "உங்க கட்டிங்கே தனி சார்" என்றவர்களிடம் நான் மறுத்ததில்லை.

3. சொன்ன நாள்

போன மார்கழியில் அதே கோட்டோடு தடியூன்றி வந்தார். லைனிங் மறுபடி கிழிந்திருந்தது.

"இந்த வாட்டி நீங்க பிரிக்கும்போது நான் பாக்கணும். அம்மா தையலை ஒருமுறை பாக்கணும்னு ஆசை."

அன்றே பிரித்து மிஷினில் மூட்டியதைச் சொல்லிவிட்டேன்.

"அந்த நூல்?"

"பெருக்கிப் போட்டுட்டேங்க."

ஒரு மாதம் கேட்டு வாங்கினேன். மிஷின் தையலைப் பிரித்துவிட்டு முழுக்கக் கையால் தைத்தேன். கண் மங்கிவிட்டது, விரலில் குத்தாத இடமில்லை. "இப்பதான் ஹெம்மிங் கத்துக்க வந்தீங்களாண்ணே?" என்று சொல்லிக்கொண்டே செல்விதான் கற்றுக்கொடுத்தாள்.

பிரெஞ்சம்மா வந்து தையலை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா இது உங்க கை."

ஒரு பாக்கெட்டை மட்டும் முதல் முறை நான் பிரிக்கவில்லை. பேட்டர்னுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அதைத் திருப்பிக் காட்டினேன். அவர் தாயின் தையல், பொடிப் பொடியாக.

"வெட்டிக் குடுங்க."

"கோட் பாழாயிடுங்க."

"வெட்டுங்க."

வெட்டினேன். உள்ளங்கை அளவுத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். இப்போது அவர் துணிகள் வேறு கடைக்குப் போகின்றன.

கோட் என் கடையில் தொங்குகிறது. "என்ன சார், எலி கடிச்சிடுச்சா?" என்று கேட்கிறார்கள். "நான்தாம்மா" என்கிறேன். கட்டிங் யாருடையது, தைத்தது யார் என்பதையும் சொல்கிறேன். எதைத் தொட வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொல்கிறாரோ, அதையே முதலில் எழுதி வையுங்கள்.