மெலனியோடு யார் சாப்பிடுவார்கள்? அஜக்ஸிலிருந்து ஸ்காபரோவுக்கு இரண்டு பயணம்

ஊரில், இலங்கையில், பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற வருடம்; இங்கே கனடாவில் பள்ளிக்கூடங்களில் முகக்கவசம் கழன்ற வருடம். அந்த ஒக்ரோபரில் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனேன். பேத்தி மெலனிக்கு ஒன்பது வயது, டவுன் சின்ட்ரோம். எல்லாரும் படிக்கிற வகுப்பிலேயே அவளை வைத்திருப்பதா, தனி வகுப்புக்கு மாற்றுவதா என்று அன்று பேச இருந்தார்கள். (நான் சொல்லச் சொல்ல மெலனியின் அம்மா, என் மகள் றீற்றா எழுதுகிறாள்.)

அஜக்ஸிலிருந்து காலை ரெயினில் கில்ட்வூட் நிலையத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். பஸ்ஸுக்குக் காத்திருந்தது பதினேழு நிமிடம். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, நிறுத்தங்களை எண்ணுவேன். பஸ் றைவர் தமிழர்.

“ஒன்பதாவதில இறங்கோணும், தம்பி. எண்ணிக்கொண்டு வாறன்.”

“அங்கிள், ஆள் இல்லாத இடத்தில பஸ் நிக்காது. உங்கட ஒன்பது அடுத்த ஊரிலதான் வரும்!”

இடம் வந்ததும் அவரே கூப்பிட்டு இறக்கிவிட்டார்.

ஆசிரியை வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, யாரோடு சாப்பிட விருப்பம், மூன்று பெயர் சொல்லு என்று கேட்டிருந்தாராம்; அதைக் கூட்டத்தில் சொன்னார். ஒருவரும் மெலனியைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த றீற்றா அழத் தொடங்கினாள்.

“மத்தியானம் பிள்ளை எங்க சாப்பிடுறவள்?” என்று கேட்டேன்.

“வீட்டிலதான் அப்பா. நான் கூட்டிக்கொண்டு போய் என்ர கையால சோறு தீத்திப்போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுறனான்.”

“பிறகு மற்றப் பிள்ளையள் எப்பிடியடி அவளின்ர பேரைச் சொல்லுவினம்? அவள் சாப்பிட்டதைக் கண்டதே இல்லையே!”

றீற்றா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த ஆசிரியையை நான் மதிப்பது இதற்காகத்தான்: “இதை நான்தான் கேட்டிருக்கவேண்டும்” என்று ஒப்புக்கொண்டு, முடிவை ஆறு வாரம் தள்ளிவைத்தார்; அதுவரை மெலனி மத்தியானம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு சாப்பிடட்டும் என்றார்.

“புட்டு முழுக்கச் சிந்துவாள், அப்பா.”

“சிந்தட்டும், பிள்ளை.”

டிசம்பரில், பனி கொட்டிய நாளில், திரும்பப் போனேன். இந்த முறை நாலு பிள்ளைகள் மெலனியின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். அவள் சிரித்தால் தனக்கும் சிரிப்பு வருகிறதாம், ஒருத்தி சொன்ன காரணம். மெலனி அந்த வகுப்பிலேயே இருக்கிறாள்.

இப்படிக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளைகளிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் பிள்ளை எந்த நேரம் அங்கே இருப்பதில்லை என்பதையும் யோசியுங்கள்.

என் தம்பி யோசேப்புக்குப் பேச்சு வராது. அம்மா தன் கடைசிவரை தன் கையாலேயே அவனுக்குத் தீத்தினா. பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாசலுக்கு வெளியே அவனோடு ஒருவரும் உட்கார்ந்ததில்லை. அம்மா, ஐயா, இரண்டு அக்காமார், எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனோடு இருந்து சாப்பிட்டவர்களில் இன்று உயிரோடிருப்பது நான், இந்தச் சூசைப்பிள்ளை, ஒருவன்தான்.