பச்சை டிக்கை நம்பியவர்கள்

வெப்சைட் செய்து கொடுக்கும் அலுவலகத்தில் வாடிக்கையாளர் போனை எடுப்பது, ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் வேலை மாதிரி: குழாயில் தண்ணீர் வந்தால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், வராவிட்டால் மட்டும் தேடி வந்து திட்டுவார்கள். பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஆறு வருடமாக எனக்கு அங்கே இந்த வேலைதான்.

எங்களிடம் சொந்தமாக ஒரு எடிட்டர் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் அதற்குள் போய்த் தங்கள் பக்கத்தில் வேண்டியதை எழுதலாம், போட்டோ வைக்கலாம், சேவ் பட்டனை அமுக்கலாம். அமுக்கியதும் கீழே ஒரு பச்சை டிக்கோடு 'சேமிக்கப்பட்டது' என்று வரும். பிறகு எழுத்து இருந்து படம் மட்டும் காணாமல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரியுமே, அதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இந்தக் கதைகளில் பாதிக்கு இப்போது சிரித்துவிடுகிறேன். ஒரு பெண்ணின் நான்கு வருட உழைப்பு போன கதைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதைச் சொல்லத்தான் மற்றதையும் சொல்கிறேன்.

வந்து பார்த்துக்கொள்ளுங்கள்

மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் ஒருவர், எங்கள் எடிட்டர் பக்கமே வர மாட்டேன் என்று, தன் கம்ப்யூட்டரிலேயே பக்கத்தைத் தயார் செய்து மெயிலில் அனுப்பினார். அப்படிச் சேமித்தால் எழுத்து ஒரு பைலாகவும் படங்கள் தனியே ஒரு போல்டராகவும் போய் உட்காரும். அவர் பைலை அனுப்பிவிட்டுப் போல்டரை மண்டியிலேயே வைத்துக்கொண்டார். திறந்தால் 'எங்கள் களம்', 'எங்கள் தரம்' என்று தலைப்புகள் இருந்தன, கீழே ஒன்றுமில்லை.

போல்டரையும் சேர்த்து அனுப்புங்கள் என்று நான்கு தடவை சொன்னேன். நான்கு தடவையும் அதே பைல் வந்தது. படம் இதற்குள் இல்லை, பக்கத்து போல்டரில் இருக்கிறது என்று படித்துப் படித்துச் சொன்னேன். வேலை தெரியாதவளைப் போனில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டியது குரலிலேயே தெரிந்தது. ஆனால் மரியாதை மட்டும் குறையவில்லை: "என்ற கம்ப்யூட்டர்ல பளிச்சுன்னு தெரியுதுங்க. உங்களுக்குத் தெரியலீன்னா ஒரு எட்டு மேட்டுப்பாளையம் வந்து பாத்துட்டுப் போயிருங்க."

மணவறை எங்கே

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். அதன் மேனேஜர் மிகவும் ஒழுங்கானவர். மணவறைக்கு ஒரு போல்டர், பந்திக்கு ஒன்று, மணமகள் அறைக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று என்று பிரித்து வைத்து, ஒவ்வொன்றிலும் படங்களுக்கு 1, 2, 3 என்று பெயர் கொடுத்திருந்தார். எங்கள் எடிட்டர், அதே பெயரில் புதுப் படம் வந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடும். கேட்கவும் கேட்காது. அவர் கடைசியாக ஏற்றியது பாத்ரூம் போல்டர்.

ஆக, மணவறை என்ற தலைப்பின் கீழ் வெள்ளை டைல்ஸும் வாஷ்பேசினும் ஜொலித்தன. பந்தியிலும் அதே, மணமகள் அறையிலும் அதே. நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் பெயர் மாற்றி ஏற்றியவள் நான். அவர் போன் செய்தபோது குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்: "அம்மணி, பாத்ரூம் ரொம்பச் சுத்தமா இருக்குதுன்னு மூணு பேரு போன் பண்ணீட்டாங்க. தாலிய எங்க கட்டறதுன்னுதான் கேக்கறாங்க."

மனப்பாடம்

இதெல்லாம் வாடிக்கையாளர் செய்த தவறு, சரி. ஆனால் எல்லாம் ஒழுங்காகச் செய்தும் படம் போகிற கதைகள் இருந்தன. அதற்கு எங்கள் முதலாளி எனக்கு ஒரு வசனம் எழுதிக் கொடுத்திருந்தார்: 'எங்கள் சிஸ்டத்தில் தவறு இல்லை, சேவ் செய்யும்போது உங்கள் நெட் கட் ஆகியிருக்கும்.' இரண்டு வருடம் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை என்று ஆகிப்போனது.

ஒரு கல்லூரி அலுவலகத்தில் அட்மிஷன் அறிவிப்பை ஸ்கேன் செய்து, முதல்வர் கையெழுத்தும் சீலும் தெரிகிற மாதிரி ஏற்றியிருந்தார்கள். மறுநாள் பக்கத்தில் அறிவிப்பு என்ற தலைப்பு இருக்கிறது, அறிவிப்பைக் காணோம். விசாரிக்க வந்த பெற்றோரிடம் அந்தக் கிளார்க் காலையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். நான் வசனத்தை ஒப்பித்தேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, இங்க எங்க நெட்டு கட்டானது மட்டும் உங்களுக்கு அங்க தெரியுது, உங்ககிட்ட இருந்த படம் போனது தெரியலீங்களா?"

அழித்துவிடுங்கள்

கிணத்துக்கடவு மரகதம் அக்காவுக்கு ஆரி வேலை. கல்யாண ரவிக்கையில் ஜரிகையும் மணியும் கல்லும் வைத்து, மயிலும் மாங்காயுமாகத் தைப்பார். ஒரு ரவிக்கை முடிய வாரக்கணக்கில் ஆகும். முடிந்ததும் அது மணப்பெண்ணோடு போய்விடும். அக்காவிடம் மிஞ்சுவது ஒரு போட்டோ மட்டும்தான். அடுத்து வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான், இந்தக் கை, அந்த முதுகு என்று தேர்ந்தெடுத்து வேலை கொடுப்பார்கள். நான்கு வருடப் போட்டோக்கள் சேர்ந்து அவர் போன் நகரவே இல்லை. எல்லாவற்றையும் பக்கத்தில் ஏற்றிவிட்டால் போனில் அழித்துவிடலாமா என்று என்னைக் கேட்டார். பச்சை டிக் வந்துவிட்டால் கவலையே வேண்டாம், தைரியமாக அழித்துவிடுங்கள் என்றேன்.

அவர் அவசரக்காரர் இல்லை. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றி, டிக் வந்ததும் மூடி, பிறகு தன் போனிலேயே பக்கத்தைத் திறந்து எல்லாம் இருக்கிறது என்று சரிபார்த்த பிறகுதான் அழித்தார், போனின் குப்பைத் தொட்டியில் கிடந்தது உட்பட. மூன்றாம் நாள் ஒரு மணப்பெண்ணின் அம்மா தன் போனில் பார்த்தால் வெறும் கட்டங்கள். அக்கா தன் போனிலும் இப்போது அதே கட்டங்களைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் இங்கே திறந்தேன், வெறும் கட்டங்கள். என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் என் வாய் தானாகவே அந்த நெட் வசனத்தைச் சொல்லிவிட்டது. அவர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்பிடீங்களா மேடம். நீங்க சொன்னீங்கன்னுதானுங்க அழிச்சேன்."

டிக் வந்த விதம்

அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறந்தேன், மூடிவிட்டேன். எழுந்து போய், எடிட்டரை எழுதிய தினேஷ் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் போனிலிருந்து ஒரு படத்தை ஏற்றிச் சேவ் அமுக்கினேன். உடனே டிக் வந்தது. பக்கத்தை மூடினேன். அதே பக்கத்தை அவன் போனில் திறந்தோம். கட்டம். என் போனில் திறந்தோம். படம் ஜம்மென்று இருக்கிறது.

தினேஷ் முகத்தைப் பார்க்காமல் விளக்கினான். சேவ் அமுக்கியதும் எழுத்துதான் உடனே போகிறது. படம் பின்னால் மெதுவாக ஏறுகிறது. அது ஏறி முடிக்கும் முன்பே டிக் வந்துவிடும். டிக்கைப் பார்த்து யாராவது பக்கத்தை மூடினால் படம் பாதி வழியில் நின்றுவிடும். ஏற்றியவர் போனில் மட்டும் ஒரு நகல் ஓரிரு நாள் தங்கியிருக்கும், அதனால் அவருக்கு எல்லாம் இருப்பதாகவே தெரியும். மூடாமல் காத்திருந்தவர்களின் படங்கள் பிழைத்தன, டிக்கை நம்பியவர்களின் படங்கள் போயின. இரண்டு வருடமாக நான் எத்தனை பேரின் நெட்டைக் குறை சொல்லியிருப்பேன்! முடியாத வேலைக்கு முடிந்தது என்று ஏன் எழுதினாய் என்று கேட்டேன். அவன் சொன்னான்: "டிக் சீக்கிரம் வந்தாத்தான் கஸ்டமருக்கு நம்பிக்கை வரும்னு சார்தானுங்க அக்கா சொன்னாரு."

முதலாளி அறை

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. டிக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு வழக்கமாகச் சொல்வதையே சொல் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜைக்கு எதிரிலேயே நின்று மரகதம் அக்காவுக்குப் போன் போட்டேன். தப்பு உங்கள் நெட்டில் இல்லை, எங்கள் எடிட்டரில் இருக்கிறது, தெரியாமல் அழிக்கச் சொன்னது நான் என்று சொன்னேன். எதிரே சார் பேனாவை மூடி வைத்தார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போகவில்லை, ஊரார் திட்டையெல்லாம் சேர்த்து வாங்க இன்னொரு ஆளுக்கு அவர் எங்கே போவார்? உட்கார வைத்துக் கேட்டார்: "உள்ளதையெல்லாம் இப்பிடிக் கஸ்டமர்கிட்டச் சொல்லிப்போட்டா, நாளைக்கு யாரும்மா நம்ம சேவ் பட்டன அமுக்குவாங்க?"

முதுகு

மரகதம் அக்காவிடம் அளவு எழுதும் நோட்டு இருந்தது. அதில் மணப்பெண்களின் போன் நம்பர்கள் இருந்தன. பாதியை அவர் கூப்பிட்டார், பாதியை நான் கூப்பிட்டேன். உங்கள் கல்யாண ரவிக்கை தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள் என்றால் யாரும் மறுக்கவில்லை. ஆல்பத்திலிருந்து அள்ளி அள்ளி அனுப்பினார்கள். மாலையும் கழுத்துமாகப் பெண், பக்கத்தில் மாப்பிள்ளை, சுற்றிலும் சொந்தபந்தம். மாலை ரவிக்கையின் முன்பக்கத்தை மூடியிருந்தது, பட்டுச்சேலை கையில் பாதியை மூடியிருந்தது. முதுகைக் காட்டி நின்ற படம் நூற்றுக்கு நாலுகூடத் தேறவில்லை.

ஒரு சனிக்கிழமை கிணத்துக்கடவு போய் அவரோடு உட்கார்ந்து, தேறியதைப் பக்கத்தில் ஏற்றினேன். ஒவ்வொரு படத்தையும் மூன்று போனில் திறந்து பார்த்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கேட்கவிடவில்லை. ஒரு கல்யாணப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "புள்ளைக எல்லாம் சிரிச்சுட்டு நல்லாத்தானுங்க நிக்குதுக. என்ற வேலை அந்தப் பக்கம் இருக்குதுங்க."

சார் ஒருவழியாக இறங்கிவந்து தினேஷும் மாற்றி எழுதிவிட்டதால், இப்போது எங்கள் எடிட்டரில் படம் முழுதாக ஏறிய பிறகே டிக் வருகிறது, அதற்கு அரை நிமிடம் ஆகிறது, முன்பெல்லாம் டக்கென்று வந்துகொண்டிருந்ததை ஏன் கெடுத்தீர்கள் என்று கேட்டுத் தினமும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.