ரூஃபஸ் இறக்கிய அரைக் கட்டை

மாரெட்பள்ளி ரூஃபஸ் காதுக்கு மெஷின் வைத்துக்கொண்ட முதல் வாரத்தில், வீட்டில் யார்மீதும் எதன்மீதும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஃபிரிட்ஜ் முனகியது. செய்தித்தாள் அப்பளம்போல் நொறுங்கியது. டீ குடிக்க இவ்வளவு சத்தம் தேவையா என்று மனைவி செலினைக் கேட்டார்.

"கல்யாணமான நாள்லருந்து நீங்க குடிக்கிறதை நான் கேக்குறேன். வாயத் தொறந்தேனா?" என்றார் செலின்.

அவருடைய சொந்தக் குரலோ, தவலைக்குள் உட்கார்ந்து வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. "பழகிடும் அங்கிள், கழட்டி மட்டும் வச்சிடாதீங்க" என்று மெஷினைப் பொருத்திய ஷர்மிளா சொல்லியிருந்தாள். எதற்கெல்லாம் பழக வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை.

ரயில்வே ஒர்க்‌ஷாப் இரைச்சலில் போன காது அது. போனதை அவரைத் தவிர எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். குரல் மட்டும் போகவில்லை. தெலுங்கும் உருதுவும் பேசும் ஊரில் அவர்களுடையது தமிழ்ச் சபை. அங்கே கீர்த்தனையைக் கீபோர்டு தொடங்குவதில்லை. பாடகர் குழுவில் ஒருவர் முதல் அடியை எடுப்பார், சபை பிடித்துக்கொள்ளும், கீபோர்டு பின்னால் வந்து சேரும். அந்த ஒருவர் ரூஃபஸ். ஓய்வுபெற்ற பிறகு அவரிடம் மிச்சமிருந்த ஒரே பதவி.

சனிக்கிழமை ஒத்திகைக்கு மெஷினோடு போனார். முதல் சரணம் நன்றாகவே போயிற்று. இரண்டாவதில் 'டக்' என்று ஒரு சத்தம். கீபோர்டு வாசிக்கும் எவாஞ்சலின் ஒரு பொத்தானை அமுக்கினாள். பாட்டு அரைக் கட்டை இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தது. லிஃப்டில் நிற்பவர்களைப்போல் குழுவினர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, அது என்ன பட்டன்?"

"சுருதி மாத்துறது, அண்ணாச்சி."

"எதுக்கு மாத்துத?"

"ரெண்டாவது சரணத்துல நீங்க கொஞ்சம் இறங்கிடுவீங்க. நானும் இறங்கிடுவேன்."

"எப்பவுமா?"

"ஹவ்" என்று ஊர் உருதுவில் ஆமாம் சொன்னாள்.

"கைக்கு சொல்லலை இத்தனை வருஷமா?" 'ஏன்' என்பது அவருக்கும் அதே உருதுவில்தான் வந்தது.

"சொன்னேன் அண்ணாச்சி. நீங்க தேங்க்யூ சொன்னீங்க."

வீட்டுக்கு வந்ததும் செலினிடம், "நாளைக்கு வேற ஆளு தொடங்கட்டும்" என்றார்.

"மெஷினக் கழட்டி பாக்கெட்ல போட்டுட்டுப் பாடுங்க. போன வாரம்வரை நல்லாத்தானே பாடுனீங்க?"

"நல்லாப் பாடலைன்னுதானே இன்னைக்குத் தெரிஞ்சுது."

"அப்ப காது வேணுமா, பாட்டு வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு ரசம் பொங்குது."

ரசம் பொங்குவது அவருக்கும் கேட்டது. முடிவுதான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் காதிலேயே இருந்தது. இரண்டையும் விடாமல் இருக்க ஒரே வழி, சரியாகப் பாடிவிடுவது என்று கணக்குப் போட்டிருந்தார். தொடங்கினார். இரண்டாவது சரணத்தில் குரல் நழுவப் பார்ப்பதை வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டார். பிடித்து நிறுத்தினார். அரைக் கட்டை என்ன, அணுவளவும் இறங்கவில்லை.

'டக்.'

கீபோர்டு இறங்கியது. குழு இறங்கியது. பழக்கதோஷத்தில் சபை முழுவதும் இறங்கியது. அந்தக் கட்டடத்தில் சுருதி மாறாமல் நின்றவர் ரூஃபஸ் ஒருவர்தான். அதனாலேயே தப்பாகப் பாடியவரும் அவர் ஒருவர்தான். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ, "பாவம், மெஷின் சரியில்ல போல" என்றார்கள். அதுவும் தெளிவாகக் கேட்டது.

கை காதுப் பக்கம் போயிற்று. இத்தனை வருஷம் தன்னைச் சகித்துக்கொண்டார்கள் என்று நேற்றிலிருந்து நினைத்திருந்தார், அப்படியல்ல. தன்னிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டே இப்படித்தான். இப்போது திருத்தப் போனால் யாரைத் திருத்துவது?

கையைக் கீழே போட்டார். மூச்செடுத்து, இறங்கினார். இந்த முறை தெரிந்தே.

இறங்கியதும், தான் இத்தனை காலம் நடத்திவந்த கூட்டம் எப்படிப் பாடுகிறது என்பது கேட்டது. ஒருவருக்குத் தொண்டை கரகரத்தது. ஒருவர் சொற்களை விழுங்கினார். பெண்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு சொல் பிந்தி, கண்ணை மூடிக்கொண்டு, மிகுந்த நம்பிக்கையோடு பாடிக்கொண்டிருந்தவர் செலின்.

வீட்டில் இதைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று முடிவு செய்தார். செலின் முடிக்கட்டும் என்று ஒரு மூச்சு காத்திருந்து, மூன்றாவது சரணத்தை எடுத்தார்.