கயிறு? கட்டியாச்சு!

சைதுன் பீவிக்குச் சிரிப்புதான் வியாதி. அவள் நிக்காஹ்வில் சம்மதம் கேட்க வந்த பெரியவருக்குத் தும்மல் வந்துவிட்டதாம். முக்காட்டுக்குள்ளிருந்து வந்த சிரிப்பையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளை சம்சுதீன் பினாங்குக்குக் கப்பலேறினார். இவள் மதுரையில் நர்சுக்குப் படித்துவிட்டு, எழுபத்தொன்றாம் வருஷம் எங்கள் கோட்டையூர்ப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் வந்து சேர்ந்தாள்.

புற்றுநோய் என்ற பேரைச் சொல்லவே ஜனங்கள் பயந்த காலம் அது. அந்த வார்டிலிருந்து நாள் முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்டால் தெருவில் போகிறவர் என்ன நினைப்பார்? கல்யாண வீடென்று நினைத்துப் பந்தியைத் தேடி உள்ளே வந்தவர்கூட உண்டு. நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், விடுங்கள்.

வார்டு ஆயாக்களைப் பழக்குவது அவள் பொறுப்பு. பழக்கினாள் பாருங்கள், அது ஒரு கூத்து. காலையில் வாசற்படியில் நின்று, "பெட்டு?" என்பாள். "விரிச்சாச்சு!" என்று ஆயாக்கள் கத்த வேண்டும். "கஞ்சி?" "குடுத்தாச்சு!" "கட்டு?" "மாத்தியாச்சு!" இரண்டு வாரத்தில் நோயாளிகளும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். கும்மிதான் கொட்டவில்லை. டாக்டர் இராமநாதனுக்குத் தலைவலி வந்தது. ஆனால் ஒரு வேலையும் விட்டுப்போகவில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வார்டுக்குத்தான் மானகிரி அழகி வந்தாள். கோலமாவு விற்கிறவள். முன்வாசல் தெருவில் அவள் "கோலமாவேய்ய்!" என்று கூவினால், செட்டிநாட்டு நீள வீட்டைத் தாண்டிப் பின்வாசல் தெருவில் இருக்கும் ஆச்சி கிண்ணத்தோடு எழுந்துவிடுவார். அப்பேர்ப்பட்ட தொண்டையில் கட்டி. குரல் காற்றாகிவிட்டது. கரண்டு வைத்தால் உயிர் தங்கும், குரலும் வரலாம் என்றார் டாக்டர். கதிர் வைத்தியத்துக்கு எங்கள் ஊரில் கரண்டு என்றுதான் பெயர்.

கரண்டு படும் கழுத்தில் ஒன்றும் கிடக்கக்கூடாது. அழகி தாலியைத் தானே கழற்றிக் கண்ணில் ஒற்றி மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். மிஞ்சியது ஒரு கறுப்புக் கயிறும் தாயத்தும். வேப்பிலை அடித்து மந்திரிக்கிற வீரப்ப ஆசாரி கட்டிவிட்டது. முடிச்சு இறுகிக் கிடந்தது. ஆயா சின்னத்தாயி கட்டு வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள், ஒரே வெட்டு, முடிந்தது கதை.

நேரம் பார்த்து வாசற்படியிலிருந்து சைதுன் கேட்டாள்: "கயிறு?"

"அறுத்தாச்சு!" என்று சின்னத்தாயி கத்த, பழக்கதோஷத்தில் வார்டு முழுக்க, "அறுத்தாச்சு! அறுத்தாச்சு!"

ஜன்னலுக்கு வெளியே அழகியின் புருஷன் சோணை நின்றுகொண்டிருந்தான். பெண்டாட்டி கழுத்துக் கயிற்றை அறுத்தாயிற்று என்று ஊரே கூவினால் எந்தப் புருஷன்தான் பொறுப்பான்? "அடியே! நான் இங்க குத்துக்கல்லாட்டம் உசுரோட நிக்கிறேன்! எவடி அறுத்தது?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

சைதுனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வந்திருக்கவே கூடாத சிரிப்பு அது.

சோணையைக்கூடச் சமாளித்திருக்கலாம், மணிக்கட்டில் தாலி பத்திரமாக இருந்தது. ஆனால் அழகி பார்த்தது குப்பை வாளியை. சீழ்ப் பஞ்சுக்கு நடுவில் தாயத்து கிடந்தது. அதை எடுத்து முந்தானையில் துடைத்து, வாசலைப் பார்க்க நடந்தாள். திட்டக் குரல் இல்லை. மானகிரி பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"ஒரு கரண்டுகூட வைக்கல. இப்படியே விட்டா மூச்சு அடைச்சிரும்மா" என்றார் டாக்டர்.

அன்று வார்டில் சிரிப்பில்லை. சைதுனுக்கு மனசு ஆறவில்லை. சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் அவள் அம்மா அவளைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஓதி ஊதின தண்ணீரை வாங்கிக் குடிக்க வைப்பார். அந்தத் தண்ணீரை எவளாவது சாக்கடையில் கொட்டிவிட்டுச் சிரித்திருந்தால்? நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. வேலை முடிந்ததும் மானகிரிக்குப் பஸ் ஏறினாள்.

முதலில் வீரப்ப ஆசாரியின் தச்சுப்பட்டறை.

"அறுத்ததுக்குக்கூட எனக்குக் கோவமில்ல தங்கச்சி. குப்பையில போட்டீகளே" என்றார் அவர், இழைப்புளியைக் கீழே வைக்காமல்.

"தப்புத்தாண்ணே. கழுத்துலதான் கட்டணுமா? கையில கட்டுனா ஆகாதா?"

"முருகனுக்கு ஆளத் தெரியும். கையில கட்டலாம். ஆனா தெனமும் தொண்டையில துன்னூறு பூசணும்."

"அதுமட்டும் வேணாம்ணே. கரண்டு பட்ட தோலு பொசுங்குன மாதிரி இருக்கும், தூளு பட்டா புண்ணாயிரும். நெத்தியில பூசுங்க."

ஆசாரி யோசித்தார். "அப்ப நாந்தான் அங்க வந்து பூசுவேன், வேப்பங்கொழையோட."

"வாங்கண்ணே!" என்றாள், டாக்டரைக் கேட்காமலே.

அழகி வீட்டில் கதவு பாதிதான் திறந்தது. "சிரிச்சீகளே" என்றது காற்றுக்குரல்.

"சிரிச்சேன் ஆத்தா. இந்தச் சிரிப்புக்கு எங்கம்மா திட்டியே ஓஞ்சு போச்சு. நீயும் நாலு போடு போட்டுட்டுக் கிளம்பு." சொல்லும்போதே சைதுனுக்கு அழுகை வந்துவிட்டது. அழகி அவளையே பார்த்தாள். பிறகு மெல்ல, "அறுத்தாச்சுன்னு சொன்ன வாயெல்லாம் மாத்திச் சொல்லணும்" என்றாள்.

மறுநாள் காலை வேப்பங்குழையோடு ஆசாரி, பின்னால் அழகி, அவளுக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு சோணை. வாசலில் டாக்டர் மறித்தார். "சைதுன், இது ஆஸ்பத்திரியா கோயிலா?"

"அழகி வந்துருக்கா சார்."

டாக்டர் குழையைப் பார்த்தார், அழகியைப் பார்த்தார். "தொண்டையத் தொடக்கூடாது. கரண்டு அறைக்கு வெளியவே முடிச்சுக்கங்க" என்று வழிவிட்டார்.

ஆசாரி கையில் கட்டினார். சைதுன் வாசற்படிக்கு ஓடி, "கயிறு?" என்றாள். "கட்டியாச்சு!" என்று வார்டு அதிர்ந்தது.

அன்றிலிருந்து ஆயாக்களுக்குப் புதுப்பாடம். நோயாளி உடம்பில் கிடப்பது எதுவானாலும் கத்தரிக்கோல் கிட்டப் போகக்கூடாது. அவரவர் கையாலேயே அவிழ்த்து, கழுவின தாம்பாளத்தில் வைக்கவேண்டும். யார் கட்டியது, எங்கே மாற்றிக் கட்டலாம் என்று கேட்கவேண்டும். எண்ணெய், பச்சிலை, திருநீறு எது பூசினாலும் ஒளிக்காமல் சொல்லச் சொல்லவேண்டும், திட்டக்கூடாது. 'அறு' என்ற சொல்லே வார்டுக்குள் வரக்கூடாது. செருப்பு வார் பிய்ந்த அன்று சின்னத்தாயி, "செருப்பு அவுந்துபோச்சு" என்றாள். டாக்டர் மறந்துபோய் "அறுவை சிகிச்சை" என்று ஆரம்பித்தால் எல்லாக் கட்டிலிலிருந்தும் "உஸ்ஸ்!" பாவம், ஆபரேசன் என்று மாற்றிக்கொண்டார்.

கரண்டு முடிந்து அழகி வீட்டுக்குப் போனாள். குரல் மட்டும் வரவில்லை. இருந்த காற்றுக்குரலும் அடைத்துப்போயிற்று. "பொறுக்கணும்" என்றார் டாக்டர். அவள் கோலமாவுக் கூடையைப் பரணில் போட்டுவிட்டதாகச் சோணை சொன்னான்.

இரண்டு மாதம் கழித்துக் காட்ட வந்தாள். வார்டு மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், சோணை அதே ஜன்னலுக்கு வெளியே. சைதுன் வாசற்படியில் நின்று, "பெட்டு?" என்றாள், "கஞ்சி?" என்றாள். பதில் வந்தது. "கயிறு?" என்றபோது சின்னத்தாயி குழாயடிக்குப் போயிருந்தாள். முதல் குரல் கொடுக்கிறவள் அவள்தான், மற்றவர்கள் அவளுக்காகக் காத்தார்கள்.

மூலையிலிருந்து, துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு சத்தம். "கட்டியாச்சேய்ய்!"

கோலமாவு இழுப்பேதான். ஜன்னல் கம்பியில் சோணையின் முகம் வந்து மோதியது. "எவடி அது?"

சைதுன் சிரிக்க வாயைத் திறந்தாள், சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க வீட்டம்மாதாண்ணே" என்றாள்.