சோடா உப்புச் சீசா

ஜப்பான்காரர்கள் மலாய் நாட்டைப் பிடித்ததும் என் ஆசிரியர் பயிற்சி பாதியில் நின்றுபோனது. சும்மா இருக்க எனக்கு வராது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு கடை தள்ளி, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்து ஓய்வுபெற்றவர் மருந்துக்கடை வைத்திருந்தார். இருப்பைப் பார்த்து எழுத ஆள் வேண்டும் என்றார். மறுநாளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

கடைகளில் உள்ள மருந்துக்கெல்லாம் பட்டியல் தரவேண்டும் என்று ஜப்பான்காரர்களின் உத்தரவு வந்திருந்தது. டிரெசர் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு நோயாளி பார்க்கப் போய்விட்டார். நான் அலமாரி முழுவதையும் இறக்கினேன். ‘சோடா உப்பு’ என்று ஒட்டியிருந்த பெரிய சீசாவில் தூள் பஞ்சுபோல் இலேசாக இருந்தது. நாக்கில் வைத்தேன். கசப்பு காதுவரை ஏறியது. கொயினா! மலேரியா மருந்து. யாரோ சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து, புதுச் சீட்டு எழுதி ஒட்டினேன். பட்டியலில் முதல் வரியாகச் சேர்த்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஜப்பான்காரர்களின் லாரி வந்தது. சீசா போனது.

“படிச்ச புள்ளன்னு நம்பினேன்லா,” என்றார் டிரெசர். “ஒளிச்சு வச்சதைக்கூட சுத்தமா எழுதிக் கொடுத்துட்டியே.” அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் ஓடிவந்தார். மனைவிக்கு மலேரியா. கட்டிய கணவரையே அடையாளம் தெரியவில்லையாம். “ஏழு நாளைக்கு மருந்து குடுங்கையா, இல்லன்னா அவ தங்கமாட்டா.”

டிரெசர் அலமாரியில் சீசா இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

யாருக்கு என்ன கொடுத்தோம் என்று எழுதும் நோட்டை இழுத்தேன். மலேரியா என்றால் ஆளுக்கு இருபத்தொரு பொட்டலம். ஆனால் எங்கள் ஆட்களில் யார் அதை முழுதாகத் தின்றார்கள்? காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள். அதற்காக டிரெசர் வாய் ஓயாமல் ஏசுவார்.

“ஐயா, மருந்து இருக்கு. இங்க இல்ல, வீடுகள்ல இருக்கு.”

“எவன்டா சொன்னான்?”

“நம்ம நோட்டு சொல்லுதுங்க.”

சைக்கிளை எடுத்தேன். “தின்னு முடிச்சிட்டேன் தம்பி, சத்தியமா,” என்று சலவைக்காரர் சாதித்தார். “சத்தியம் ஒரு கேடா? கூரையில சொருகி வச்சிருக்கீங்கல்ல,” என்று அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டுப் பொட்டலத்தோடு வந்தார். மலாய் பேசும் சிட்டிகளின் குடியிருப்பான சிட்டிக் கம்பத்தில் ஓர் அம்மா, “பாஹிட் லா!” என்று மலாயில் அந்தக் கசப்பைச் சொல்லி முகம் சுளித்தபடி ஒன்பது எடுத்துவந்தார். கொடுக்கும்போது மூன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மூன்றை நான் கேட்கவில்லை. மேலும் இரண்டு வீடு ஏறி இறங்கியதில் மாலைக்குள் பத்தொன்பது சேர்ந்தது.

“காய்ச்சல் விட்டாலும் கடைசிப் பொட்டலம் வரைக்கும் குடுக்கணும்,” என்று டிரெசர் வண்டிக்காரரிடம் விரலை ஆட்டினார். “நிறுத்தினா, நானே வந்து வாயில கொட்டுவேன்.”

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஒரு வாரம் கழித்து, பார்த்துவரச் சொல்லி டிரெசர் என்னை அனுப்பினார். அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தலைமாட்டில் சாமி படத்துக்குப் பின்னால் நாலு பொட்டலங்கள் தெரிந்தன.

முழுதாகச் சாப்பிட்டால்தான் நோய் முழுதாகப் போகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த நோயாளிக்கு எந்த லாரியும் மருந்து கொண்டுவரப் போவதில்லை என்பதும் தெரியும்.

“எல்லாம் சாப்பிட்டாச்சாக்கா?”

“ஆச்சுப்பா,” என்றார், கஞ்சியைப் பார்த்தபடி.

கடைக்குத் திரும்பியதும் டிரெசர் அதையேதான் கேட்டார்.

“முடிச்சிட்டாங்கய்யா,” என்றேன்.